துடைக்கிறவள் எடுத்தாள்

டைம்கீப்பருக்குப் பெயர்கள் மறந்துபோய் மூன்று வருடம் ஆகிவிட்டது. அதற்காக அவர் கஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்களை அவரவர் செய்கிற வேலையை வைத்துக் கூப்பிடப் பழகிக்கொண்டார். பால் பாக்கெட் கொண்டுவருகிறவன் 'வைக்கிறவன்'. மாடி வீட்டுக்காரர் 'இருமுறவன்'. பெற்ற மகள் 'திட்டுறவ'. காலை எட்டு மணிக்கு வந்து, முகத்தில் ஆரம்பித்துக் கால்விரல் இடுக்கு வரை வெந்நீர்த் துணியால் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிற பராமரிப்புக்காரி 'துடைக்கிறவ'.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நல்ல தோள், வீணாய்ப்போன இடுப்பு. "ஏய், துடைக்கிறவளே" என்று அவர் கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்பாள். முந்தைய வீட்டில் 'இந்தா' என்று கூப்பிட்டார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

துடைப்பதில் அவள் கெட்டிக்காரி. துணியை நான்காக மடிப்பாள். ஒரு பக்கம் அழுக்கானதும் மறுபக்கம் திருப்புவாள். எட்டுப் பக்கமும் தீர்ந்தால்தான் அலசுவாள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, தேய்த்தால் கிழியும். ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கறையும் அப்படியே. தேய்த்தால் பரவும், ஒற்றினால் வரும். பயிற்சி வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லித் தருகிறார்கள். பாதிப் பேர் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறார்கள். அவள் மறக்கவில்லை.

ஏஜென்சியின் படிவத்தில் 'கைச்சுத்தம்' என்று ஒரு கட்டம் உண்டு. சேர்ந்த புதிதில் அவளோடு வந்த பெண்கள் எல்லோரும் அது சோப்புப் போட்டுக் கழுவுகிற விஷயம் என்று நினைத்து, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். மேற்பார்வையம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அடப் பாவிங்களா, வேலை செய்யற வீட்டுல எதையும் சுருட்டாம இருக்கீங்களான்னு கேக்கிற கட்டம் அது!"

ஏழு வருடமாக அந்தக் கட்டத்தில் அவளுக்கு 'நன்று'. அங்கே ஒரே ஒரு தடவை வேறு ஏதாவது விழுந்தால் போதும், அந்த ஏஜென்சி மட்டுமில்லை, நகரத்தில் எந்த ஏஜென்சியும் கதவைத் திறக்காது. ஐம்பத்து மூன்று வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு வேறு வேலைக்கும் போக முடியாது. இதை அவள் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. காலுக்குக் கீழே தரை இருப்பதை யார் தினமும் நினைக்கிறார்கள்?

டைம்கீப்பர் முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் நேரம் குறித்தவர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எவ்வளவு தாமதம் என்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் வாங்கித் தந்தார்கள். பின்பக்கத்தில் 'ஒரு நிமிடமும் தப்பாதவருக்கு' என்று பொறித்திருக்கும். பெயர்கள் போயின, முகங்கள் போயின, மனைவி இறந்ததே சில நாள் போய்விடும். நேரம் மட்டும் போகவில்லை. பத்தரை மணிக்கு அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நாற்காலியின் கையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

போகிற இடம் எப்போதும் ஒன்றுதான். இரண்டு தெரு தள்ளி உள்ள சதுக்கம். நடுவில் நீரூற்று, ஒரு பக்கம் பேருந்து நிறுத்தம், எதிரே உயரமான பழைய கட்டடம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதன் நிழலில் செருப்பு மாற்றிக்கொள்வதோடு சரி. அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிற இடத்தில் கீழே பார்க்கிறவர்களும் இருப்பார்கள். கைப்பை, பணப்பை, போன், கேமரா என்று அந்தச் சதுக்கத்தில் காணாமல் போகாத பொருள் இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் பறிகொடுப்பார்கள் என்று தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது அவர்களாக நினைத்துக்கொண்டது. திருடர்கள் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

டைம்கீப்பருக்குக் கட்டடமும் வேண்டாம், நீரூற்றும் வேண்டாம். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டால் போதும். ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஜாக்கெட் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தைப் பார்ப்பார். "ஆறாம் நம்பர். ரெண்டு நிமிஷம் லேட். மெமோ கொடு" என்பார்.

"கொடுத்துட்டேன் சார்" என்பாள் அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவரைக் குளியலறையிலிருந்து தூக்கும்போதே இடுப்பில் சுளீர் என்றது. சதுக்கத்துக்கு வந்து சேருவதற்குள் வலி தொடைக்கு இறங்கிவிட்டது. நிறுத்தத்திலிருந்து முப்பது அடியில் மருந்துக்கடை. வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் அங்கே கிடைக்கும். ஆனால் கடை வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலி ஏறாது.

பொறுப்பில் இருப்பவரைக் கண் பார்வையிலிருந்து விடக் கூடாது என்பது ஏஜென்சியின் முதல் விதி. அவளுக்குத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். "சார், இதோ ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் படி ஏறினாள். உள்ளே நாலு பேர் நின்றார்கள். ஒரு நிமிடம் எட்டு நிமிடமானது.

திரும்பி வந்தபோது அவர் வைத்த இடத்திலேயே இருந்தார். ஆனால் ஜாக்கெட்டின் இடது தோள் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக ஒரு கறை, முதுகு வரை இழுத்துப் பூசியிருந்தது.

"துடைச்சாச்சு, துடைச்சாச்சு" என்றார் டைம்கீப்பர்.

புறா எச்சம் என்று நினைத்தாள். யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் துடைக்கப் போய் ஊரெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார். "யாருப்பா இது, துடைக்கத் தெரியாத ஜென்மம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை வீட்டுக்குத் தள்ளினாள். ஜாக்கெட்டைக் கழற்றும்போது அவள் கண் முழுக்கத் தோளில் இருந்தது. கை வழியே ஜாக்கெட்டை உருவினாள். உள்ளே இருந்த முழுக்கைச் சட்டை இறங்கி மணிக்கட்டை மூடிக்கொண்டது. கறையைப் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசியபோது நுரை வந்தது. புதினா வாசனை அடித்தது. புறாவுக்கு எங்கிருந்து புதினா வாசனை என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் அடுப்பில் கஞ்சி பொங்கியது.

தினசரிக் குறிப்பேட்டில் எழுதினாள்: 'ஜாக்கெட் தோளில் பறவை எச்சம். குளிர்ந்த நீரில் அலசினேன். நுரை வந்தது.' மருந்துக்கடையை எழுதவில்லை. நாலு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கிளம்பிவிட்டாள்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. மகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாக்கியத்தை வளர்க்க மாட்டாள்.

"அக்கா, அப்பா வாட்ச்சை எங்க கழட்டி வச்சீங்க?"

"நான் கழட்டலையேம்மா. கையிலதானே இருக்கும்?"

"கையில இல்ல. மேசையில இல்ல. குளியலறையிலயும் பாத்துட்டேன்."

பின்னாலிருந்து டைம்கீப்பரின் குரல் தெளிவாகக் கேட்டது. "தேடாதே. துடைக்கிறவ எடுத்துட்டா."



"நாளைக்குக் காலைல பேசிக்கலாம்" என்று மகள் போனை வைத்தாள். 'அக்கா' என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் போனபோது மகள் புடவை கட்டி, பையைத் தோளில் மாட்டி, குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பறவை எச்சம் எப்ப பட்டுச்சு?"

"சதுக்கத்துலம்மா."

"யார் துடைச்சது?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலைபாயும் மனதெல்லாம் அவளுக்குக் கிடையாது. எட்டு நிமிடம் தனியாக விட்டேன் என்றால் வேலை போகும் என்ற ஒரே கணக்குதான் ஓடியது. "நான்தான்" என்றாள்.

"நீங்க அப்பாவை விட்டு எங்கயாவது போனீங்களா?"

"இல்லம்மா. பக்கத்துலயேதான் இருந்தேன்."

சொல்லி வாயை மூடியதும்தான் உறைத்தது. முழு நேரமும் அவள் பக்கத்தில் இருந்தாள் என்றால் வேறு எவரும் அவரை அண்டவில்லை. வேறு எவரும் அண்டவில்லை என்றால் எடுத்தது யார்? கணக்கு டீச்சரிடம் போய் இரண்டு வரியில் தன்னையே திருடி என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டாள்.

"அப்பா யாரைத் துடைக்கிறவன்னு சொல்வாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள் மகள். "எனக்கு யாரையும் கை நீளம்னு சொல்லிப் பழக்கமில்ல. ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்க மேற்பார்வையாளர் வராங்க. அதுக்குள்ள வாட்ச் கிடைச்சா நல்லது."

பிறகு பீரோவைப் பூட்டினாள். அலமாரியைப் பூட்டினாள். தன் அறைக் கதவைப் பூட்டி, சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்பாவைப் பூட்ட முடியாது. பள்ளிக்கு நேரமாகிறது, வேறு ஆளும் இல்லை. திருடியாக இருக்கலாம் என்று நினைக்கிற கையிலேயே அவரை ஒப்படைத்துவிட்டுப் போனாள். பராமரிப்பு வேலையில் இதெல்லாம் உண்டு. சந்தேகப்பட்டாலும் துடைக்க ஆள் வேண்டும்.

அன்று அவள் அவரைத் துடைத்தபோது வெறும் மணிக்கட்டில் கடிகார அளவுக்கு வெளுத்த ஒரு வட்டம் தெரிந்தது. அதையும் ஒற்றித் துடைத்தாள். பத்தரைக்கு அவர் நாற்காலியைத் தட்டினார். கடிகாரம் இல்லாமலே சரியாகப் பத்தரைக்குத் தட்டினார்.

சதுக்கத்தில் அதே இடத்தில் நாற்காலியை நிறுத்தினாள். முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். இடுப்பு கத்தியது.

"சார், நேத்து வாட்ச் போச்சே, எப்ப போச்சு?"

யார் என்று கேட்டால் அவரிடமிருந்து ஒன்றும் வராது. எப்போது என்று கேட்டால் வரும். இது அவளுக்கு மட்டும் தெரிந்த வழி.

"பதினொண்ணு பத்து" என்றார் உடனே. "பதினாலாம் நம்பர் பதினொண்ணு ஏழுக்கு வரணும். வரலை. மூணு நிமிஷம் லேட். பாத்துக்கிட்டே இருக்கேன், துடைக்கிறவ வந்துட்டா."

"எந்தத் துடைக்கிறவ? நானா?"

டைம்கீப்பர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மெமோ வாங்க வந்த டிரைவரைப் பார்க்கிற பார்வை.

"நீ ஒத்துவே. அவ தேய்ச்சா."

அவள் எழுந்து நின்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நற்சான்று யாரும் கொடுத்ததில்லை. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை.

சதுக்கத்தின் மூலையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு போலீஸ் கூண்டு உண்டு. பெரிய ஜன்னல், உள்ளே மின்விசிறி, ஒரு காவலர். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அங்கே போனாள். முன்னால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வெயிலில் சிவந்த முகம், அரைக்கால் சட்டை. அவர் மனைவி அழுகிற நிலையில் இருந்தாள். அந்த மனிதரின் தோளிலிருந்து முதுகு வரை வெள்ளையும் பச்சையும்.

அவள் அனுமதி கேட்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து அவர் தோளை மோந்து பார்த்தாள். புதினா. அந்த மனிதர் துள்ளி விலகி, மிச்சமிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஏம்மா! என்ன பண்றீங்க?" என்று காவலர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இது எச்சம் இல்ல சார். பற்பசையும் ஷாம்பூவும் கலந்தது."

"அது எனக்குத் தெரியாதா? காக்கா கோஷ்டி. ஒருத்தி பின்னாலேர்ந்து பீச்சுவா. இன்னொருத்தி 'ஐயோ, காக்கா அசிங்கம் பண்ணிடுச்சே'ன்னு துடைக்க வருவா. துடைச்சு முடிக்கறதுக்குள்ள ஆளையே துடைச்சு எடுத்துடுவாளுங்க. இந்த மாசத்துல இவர் ஒன்பதாவது."

"எங்க சாருக்கும் நேத்து இதுதான் நடந்துச்சு. வாட்ச் போயிடுச்சு. எழுதிக்குங்க."

"நீங்க டூரிஸ்ட்டா?"

"இல்ல."

"இது டூரிஸ்ட் ஜன்னல். உள்ளூர்க்காரங்க அந்தத் தெருக்கோடி ஸ்டேஷனுக்குப் போகணும்."

"நாங்க தினமும் இங்க வரோம் சார்."

"தினமும் வந்தா டூரிஸ்ட் ஆயிட முடியுமா?"

டைம்கீப்பர் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "பதினொண்ணு இருவது. இவன் இன்னும் எழுத ஆரம்பிக்கல. மெமோ கொடு."

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனிதரிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் நோயாளிகளுக்காக மருத்துவமனை ஜன்னல்களில் நின்றவள். ஒன்பது பேரும் கொடுத்த புகார்களில் போன பொருளையும் திருடிய முறையையும் மட்டும் எழுதிய ஒரு தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு தெருக்கோடி நிலையத்துக்கும் போனாள். அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துப் புகார் வாங்கிக்கொண்டார்கள். 'எப்போது' என்ற இடத்தில் காலை 11.10 என்று எழுதினாள். 'அப்போது உடன் இருந்தவர்' என்ற இடம் வந்தபோது பேனா நின்றது.

எழுதாமல் நிறுத்திய அந்த இடம்தான் விஷயம். காக்கா கோஷ்டி எடுத்தது என்று நிரூபிக்க வேண்டுமானால் அவள் அங்கே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கைப்பையின் அடியில் மருந்துக்கடைச் சீட்டு கசங்கிக் கிடந்தது. பிளாஸ்டர் ஒரு பாக்கெட். நேரம் 11.12. கையில் இருந்த ஒரே சாட்சி, அவளைத் திருட்டிலிருந்து விடுவிக்கும், பொறுப்பிலிருந்து தவறியவள் என்று மாட்டியும் விடும்.

'உடன் யாரும் இல்லை' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேற்பார்வையம்மா வந்தார். பருத்த பெண்மணி, படி ஏறி வந்த மூச்சு அடங்கும் வரை கோப்பால் விசிறிக்கொண்டார். மகள் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள். டைம்கீப்பரை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

"என்னடி இது, ஏழு வருஷம் ஒரு பேச்சு இல்லாம இருந்தே" என்றார் மேற்பார்வையம்மா.

அவள் சுற்றி வளைக்கவில்லை. மருந்துக்கடைச் சீட்டை மேசையில் வைத்தாள். பக்கத்தில் காவலர் தந்த தாளை வைத்தாள். புகார் நகலை வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் சாரைத் தனியா விட்டுட்டு மருந்துக்கடைக்குப் போனேன். எட்டு நிமிஷம். இடுப்பு வலிக்குப் பிளாஸ்டர் வாங்க. எனக்காகத்தான், சாருக்காக இல்ல. அந்த நேரத்துலதான் திருட்டு நடந்திருக்கு. டீச்சரம்மா கேட்டப்ப பக்கத்துலயே இருந்தேன்னு பொய் சொன்னேன்."

மகள் சீட்டை எடுத்துப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். புகாரில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணு பத்துன்னு யார் சொன்னது?"

"சார் சொன்னார்."

"அப்பாவா?"

"அவருக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காதே" என்று இடைமறித்தார் மேற்பார்வையம்மா. "அவர் சொல்றதை வச்சு நான் எப்படி எழுதறது? அப்படிப் பாத்தா துடைக்கிறவதான் எடுத்தான்னும் அவர்தானே சொல்றார்?" டைம்கீப்பர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஐயா! வாட்ச்சை யார் எடுத்தது?"

"துடைக்கிறவ" என்றார் அவர்.

மேற்பார்வையம்மா கையை விரித்தார்.

அவள் சமையலறைக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "சார், நான் எப்படித் துடைப்பேன்? காட்டுங்க."

டைம்கீப்பர் துணியை மடியில் விரித்து, நடுங்குகிற விரலால் நான்காக மடித்தார். அதற்கு நேரம் பிடித்தது. மடித்த துணியை நாற்காலியின் கையில் வைத்து அழுத்தி எடுத்தார். திருப்பினார். அழுத்தி எடுத்தார்.

"அவ எப்படித் துடைச்சா?"

அவர் துணியை உதறினார். மேற்பார்வையம்மாவின் கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து, மேலும் கீழுமாக, பாத்திரம் விளக்குகிற மாதிரித் தேய்த்தார். அட்டையில் மையால் எழுதியிருந்தது கரைந்து நீலமாகப் பரவியது.

"ஐயையோ, என் ஃபைலு!"

"அப்பா, விடுங்க!" என்று மகள் துணியைப் பிடுங்கினாள். பிறகு துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "அப்பா நேரத்தை மட்டும் தப்பா சொன்னதே இல்ல" என்றாள் மெதுவாக. உடனே குரல் மாறியது. "ஆனா எட்டு நிமிஷம்! அவரை அப்படியே நாற்காலியோட உருட்டிக்கிட்டுப் போயிருந்தா? ரோட்டுல இறங்கியிருந்தா? வாட்ச்சோட போச்சு. அப்பா போயிருந்தா நான் யாரைக் கேக்கிறது?"

"நீங்க கேக்கிறது சரிதாம்மா" என்றாள் அவள்.

மேற்பார்வையம்மா ஈரக் கோப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தார், தேய்த்துத்தான். "தனியா விட்டது எழுத்துல வந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். விட்டவன்னு எழுதுங்க. எடுத்தவன்னு எழுதாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது."

மேற்பார்வையம்மா மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் இப்படி முடிந்தது: 'கைச்சுத்தம்: நன்று' அப்படியே நின்றது. 'கவனம்' என்ற கட்டத்தில் 'குறைவு'. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. சம்பளம் இல்லாமல் இரண்டு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். அதன்பிறகு எந்த வீடு என்பதை ஏஜென்சி முடிவு செய்யும்.

அந்த இரண்டு வாரமும் அவள் பலகைக் கட்டிலில் படுத்து இடுப்புக்கு ஓய்வு கொடுத்தாள். எச்சரிக்கைக் கடிதத்தால் கிடைத்த ஒரே நன்மை அது. பதின்மூன்றாம் நாள் போன் அடித்தது.

"அக்கா" என்றாள் மகள்.

அந்த ஒரு சொல்லிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"புதுசா வந்த பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அப்பாவைத் தரை துடைக்கிற மாதிரித் துடைக்குது. முழங்கையில தோல் உரிஞ்சிடுச்சு. அவரும் அதைக் கிட்ட விட மாட்டேங்கறார். வாட்ச்சைக் கொடுன்னு கத்தறார். ஏஜென்சிகிட்ட உங்களைத்தான் கேட்டிருக்கேன். ஒரு நிபந்தனை. பிளாஸ்டர் வேணும்னா என்கிட்ட சொல்லுங்க. நான் வாங்கி வைக்கிறேன்."

"சரிம்மா. பெரிய சைஸ் வாங்குங்க, சின்னது ஒட்டாது" என்றாள் அவள்.

திங்கட்கிழமை போனபோது முதலில் முழங்கையைப் பார்த்தாள். புண் காய ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டில் மகள் வாங்கிக் கட்டிய புதுக் கடிகாரம். பழையது கிடைக்கவில்லை, கிடைக்கப்போவதும் இல்லை.

"இது பொய் சொல்லுது" என்றார் டைம்கீப்பர், கடிகாரத்தைக் காட்டி. "ரெண்டு நிமிஷம் முன்னால ஓடுது."

"மெமோ கொடுத்துடலாம் சார்."

பத்தரைக்குச் சதுக்கத்துக்குப் போனார்கள். இப்போது அவள் நாற்காலியின் பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் நின்றாள். பதினொன்று அடித்துச் சில நிமிடம் ஆனபோது நீரூற்றுப் பக்கம் இரண்டு பெண்களைப் பார்த்தாள். சுத்தமான உடை, கையில் துடைக்கிற காகிதத் துண்டுக் கட்டு. நடையில் அவசரம் இல்லை. முன்னால் ஒரு இளைஞன் கழுத்தில் கேமராவோடு கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் திடீரென்று வெள்ளைக் கறை. ஒருத்தி ஓடி வந்து மேலே கையைக் காட்டி, "ச்சு ச்சு" என்று துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கிறவள் கறையைப் பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணின் பார்வை அவன் பின்பாக்கெட்டில் இருந்தது.

பராமரிப்புக்காரி பையிலிருந்து ஈரத்துணியை உருவிக்கொண்டு பிரேக்கை எடுத்தாள். டைம்கீப்பரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு, கற்கள் பாவிய தரையில் கடகடவென்று நேராகப் போனாள்.

"ஏய்! துடைக்காதே! தம்பி, துடைக்க விடாதே!"

அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவன் கண்ணுக்கு எதிரே வந்தது, கத்திக்கொண்டே ஈரத்துணியை ஓங்கி வருகிற ஒரு கனத்த பெண்ணும், கையை நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வருகிற ஒரு முதியவரும். பயந்துபோனான். ஒரு கையால் கேமராவையும் இன்னொரு கையால் பின்பாக்கெட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். காகிதத் துண்டுக்காரிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கூட்டத்தில் கரைந்துபோனார்கள். போகிறபோது ஒருத்தி திரும்பி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள்.

இளைஞன் இன்னும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். இந்த நாற்காலிக்காரிதான் திருடி என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. துணியை அவனிடம் நீட்டினாள். வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கேமராவை இன்னும் இறுக்கினான்.

"புடிச்சுக்கோ. நல்லா புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் துணியை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பினாள்.

"பதினாலாம் நம்பர்" என்றார் டைம்கீப்பர், புதுக் கடிகாரத்தைப் பார்க்காமலே. "இன்னிக்குச் சரியான நேரம்."

வண்டி வந்து நின்றது.